ஆறாம் கிரேன் மூட்டை

பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை, காலை 6.50. சரக்குத் துறைமுகத்தின் நான்காம் மேடை, ஆறாம் எண் கிரேன். கூண்டுக்கு ஏறும் ஏணியின் இருபத்திரண்டாவது படியில் ஓட்டுநர் ஒருவர் நினைவிழந்தார். இடுப்பு வாரின் கொக்கி கம்பியில் மாட்டியிருந்ததால் கீழே விழவில்லை. ஏறத்தாழ ஒரு நிமிடம் தொங்கினார்.

கீழே நின்று சைகை காட்டும் ஆள் அவருடைய மனைவியின் தம்பி. அவனும் இன்னும் இரண்டு பேரும் ஏறி அவரை இறக்கினார்கள். ஏழரை மணிக்குப் பாதுகாப்பு அதிகாரி வந்து குடித்திருக்கிறாரா என்று பார்க்க ஊதும் கருவியை நீட்டினார். ஓட்டுநர் ஊதினார். பூஜ்யம். மருத்துவமனையில் முழங்கைக் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள், இதயத்துடிப்பு வரைபடம் எடுத்தார்கள், ரத்தமும் எடுத்தார்கள். "ஏதாவது மருந்து சாப்பிடறீங்களா?" என்று கேட்டார்கள். இல்லை என்றார்.

மறுநாள் ரத்த முடிவு துறைமுக அலுவலகத்துக்குப் போனது. கல்லீரல் எண்கள் இருக்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு. அன்று மாலையே கடிதம் வந்தது. நீண்டகாலக் குடிப்பழக்கம் என்று சந்தேகிக்க இடமிருக்கிறது. மார்ச் 7 அன்று விசாரணை. அதுவரை வேலைக்கு வர வேண்டாம். குடி என்று முடிவானால் கிரேன் உரிமம் ரத்தாகும். ரத்தானால் வேறு எந்தத் துறைமுகத்திலும் அவர் ஏணியில் கால் வைக்க முடியாது.

பெட்டிகளுக்குச் சங்கிலி கட்டும் வேலையில் சேர்ந்து, பதினொரு வருடம் கழித்துக் கூண்டில் உட்கார்ந்தவர் அவர். குடித்ததும் உண்மை. மூன்றரை வருடத்துக்கு முன்பு விட்டார். விட்ட அன்று மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள்: இன்னொரு தடவை என்றால் மகளைக் கூட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன்.

குடியை விட்ட பிறகு மனிதர் ஒழுங்கின் உருவமாக மாறிப்போனார். செருப்பு இரண்டும் நேராக இருக்கும். தட்டில் ஒரு பருக்கை நிற்காது. கிரேன்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மிச்சம்'. எதையும் மிச்சம் வைக்காதவர் என்பதால்.

கடிதம் வந்த மாலை மனைவியின் தம்பி அவர்கள் வீட்டுக்கு வந்தான். மாமா உள்ளறையில் படுத்திருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். மாமாவை இறக்கினப்ப கையில ஸ்பிரிட் வாடை அடிச்சுது."

"எந்த ஸ்பிரிட்?"

"அதை நான் நக்கிப் பாக்கலக்கா."

"வாயில?"

"வாயில ஏதோ புதினா மாதிரி. அது இன்னும் மோசம் இல்லையா? எதையோ மறைக்கத்தானே புதினா?"

அவள் மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டைத் தேடினாள். தண்ணீர் பாட்டிலை முகர்ந்தாள். ஸ்கூட்டர் பெட்டி, அலமாரிக்குப் பின்புறம், கழிவறைத் தொட்டியின் மூடி, மழைக்காலக் காலணிக்குள். போன வருடம் தொலைந்த குடை கிடைத்தது. மகளின் கணக்குத் தேர்வுத் தாள் கிடைத்தது, முப்பத்தொன்று.

"அப்பா மேல சந்தேகம்னா அப்பாவைத் தேடும்மா" என்றாள் மகள். "என்னை ஏன் தேடற?"

உள்ளேயிருந்து அவர் சிரிப்பதும், சிரிப்பு பாதியில் நிற்பதும் கேட்டது. வெளியே வந்தார். கண்ணோரத்தில் லேசாக மஞ்சள். இரண்டு நாளாகக் கையைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"நாக்குல ஒரு சொட்டு பட்டிருந்தா நான்..."

"சத்தியம் வேண்டாம்" என்றாள். "நீங்க முன்னாடி பண்ண சத்தியத்தையெல்லாம் அடுக்கினா கூரையைத் தொடும்."

அவள் வேலை செய்த இடம் துறைமுகத்துக்கு வெளியே இருக்கும் சலவைக் கூடம். துறைமுகத்தின் வேலை உடுப்புகள் வாரம் ஒருமுறை, வியாழக்கிழமை, மூட்டைகளாக வரும். ஒரு கிரேனுக்கு ஒரு மூட்டை. அவளுடைய மேஜைக்குப் பாக்கெட் மேஜை என்று பெயர். இயந்திரத்துக்குப் போகும் முன் ஒவ்வொரு பாக்கெட்டையும் காலி செய்ய வேண்டும். கிடைத்தது எதுவாக இருந்தாலும், பல்குத்தும் குச்சியாக இருந்தாலும், உடுப்பின் எண்ணும் தேதியும் எழுதிய கவரில் போட்டு, முத்திரை குத்தி, அலமாரியில் ஒரு மாதம் வைக்க வேண்டும். ஒரு முறை கசங்கிய தாள் ஒன்றைக் குப்பையில் போட்டதற்கு, அதில் இருந்த போன் நம்பருக்காக ஒருவன் வந்து கலாட்டா செய்தான். அதிலிருந்து இந்த விதி. கூடவே இன்னொரு விதி, சுவரில் எழுதியிருந்தது: பாக்கெட்டில் இருப்பது பாக்கெட்டுக்காரருக்கு மட்டும். யாரிடம் என்ன இருந்தது என்று வெளியே சொன்னால் வேலை போகும். பன்னிரண்டு வருடத்தில் அவள் சொன்னதில்லை. சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

அன்று வியாழக்கிழமை. ஆறாம் கிரேன் மூட்டையை அவிழ்த்தாள். மூன்று பேர் உடுப்பு: 610, 611, 612. ஒரே கூண்டில், ஒரே இருக்கையில், மூன்று ஷிப்ட் முறைகளில் உட்காரும் மூன்று ஓட்டுநர்கள். 610 இரவு முறைக்காரர், 'ஆந்தை'. 611 'பாட்டுக்காரர்', ரேடியோவில் கட்டளைகளைப் பாட்டாகவே சொல்பவர். 612 அவள் கணவர்.

612-இன் மார்புப் பாக்கெட்டில் இரண்டு காலி மாத்திரை அட்டைத் துண்டுகள். இரண்டும் மூன்று குழிகள் உள்ளவை. பெயர்கள் வேறு வேறு. கூடவே வயிற்று எரிச்சலுக்கான மாத்திரை உறை ஒன்று.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். அவளைக் கூடத்தில் எல்லோரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள், காரணம் நாக்கு.

"கவர்ல என்னடி எழுதற, இவ்வளவு நேரமா?"

"காலி அட்டை, ரெண்டு."

"612 உன் வீட்டுக்காரர்தானே?"

"எண்ணுக்கு ஆள் கிடையாது."

"எண்ணுக்கு ஆள் இல்ல சரி. ஆளுக்கு வீடு இருக்கே." ஊசி ஒரு காற்சட்டையை உதறினாள். "ஆம்பளை மறைச்சு சாப்பிடற மாத்திரை ரெண்டே வகை. ஒண்ணு வேற பொம்பளைக்காக, இன்னொண்ணு வேற பொம்பளையால."

"வாயை மூடுக்கா."

"நான் மூடிடுவேன். நீ தூங்கணுமே."

அவளுக்குத் தோன்றியது மூன்றாவது வகை. கல்லீரல் கெட்டது அவருக்கு ஏற்கனவே தெரியும். ரகசியமாக அதற்கு மருந்து சாப்பிடுகிறார். தெரிந்திருக்கிறது என்றால் குடித்திருக்கிறார். எல்லாம் பொருந்தியது. பொருந்தியதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அன்று மாலைச் சாப்பாட்டின்போது கேட்டாள். "உங்க பாக்கெட்ல இருந்த மாத்திரை எதுக்கு?"

அவருடைய கை நின்றது. "தலைவலிக்கு."

"தலைவலிக்கு ரெண்டு பேர்ல ரெண்டு அட்டையா?"

"கடைக்காரன் கொடுத்தான். நான் பேரைப் பாத்தா வாங்கறேன்?"

"டாக்டர் கேட்டப்ப மருந்தே இல்லன்னு சொன்னீங்களாமே."

"தலைவலி மாத்திரையெல்லாம் மருந்தா?"

எழுந்து கை கழுவப் போனார். தட்டில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. மூன்றரை வருடத்தில் முதல் தடவை.

திங்கட்கிழமை மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், அவள் கவர் அலமாரியைத் திறந்தாள். ஒரு மாதத்துக் கவர்கள் இருந்தன. ஆறாம் கிரேனின் கவர்களைத் தேதிவாரியாக எடுத்து மேஜையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் அவளுடைய கையெழுத்துதான். காலி அட்டை, காலி அட்டை என்று வாராவாரம் அவளே எழுதியிருந்தாள். காலி அட்டையும் பஸ் டிக்கெட்டும் பாக்கெட்டுகளில் கிடைக்கும் பொருள்களில் மிக அற்பமானவை; கை எழுதியது, கண் பார்க்கவில்லை.

இப்போது பார்த்தாள். 610-இன் கவர்களில் இரண்டு குழித் துண்டுகள் இரண்டு. 611-லும் அதேபோல் இரண்டு. 612-இல் ஒரு முழு அட்டை, ஐந்து குழிகள். போன வியாழக்கிழமை கிடைத்த மூன்று குழித் துண்டுகள் இரண்டு. அதற்கு முந்தைய வாரங்களில் இன்னும் இரண்டு. துண்டுகளின் ஓரம் நேராக இல்லை, பல் பல்லாக இருந்தது. கத்தரிக்கோலில் வெட்டியதல்ல. கம்பி வெட்டும் குறடு.

610-இன் துண்டை 612-இன் துண்டோடு சேர்த்து வைத்தாள். பல்லோடு பல் உட்கார்ந்தது. பாதியில் அறுந்த மருந்தின் பெயர் முழுசானது. 611-இன் துண்டும் அப்படியே. நான்கு ஜோடிகள் சேர்ந்தன. எல்லாவற்றிலும் இரண்டு அவர்களுக்கு, மூன்று இவருக்கு.

ஊசி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஆந்தைக்கு ரெண்டு, பாட்டுக்காரருக்கு ரெண்டு, உங்களுக்கு மூணு. நாலு தடவை. இது என்ன பங்கு?"

அவர் முகம் வெளுத்தது. "யாரு சொன்னா உனக்கு?"

"அட்டை சொல்லுச்சு."

அவர் சொல்ல ஆரம்பித்தார். ஜனவரியில் ஆந்தைக்குச் சளி பிடித்தது. ஒரே இருக்கை, ஒரே ரேடியோ வாய். அடுத்த நாள் பாட்டுக்காரருக்கு, அதற்கடுத்த நாள் இவருக்கு. ஒருவர் விடுப்பு எடுத்தால் மற்ற இருவரும் பன்னிரண்டு மணி நேரம் உட்கார வேண்டும். அதனால் யாரும் எடுக்கவில்லை. முறை மாறும்போதெல்லாம் கைப்பிடிகளை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார்கள். இருமல் வெளியே கேட்காமலிருக்கப் புதினா மிட்டாய். ஆளுக்கொரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கினார்கள். மற்ற இருவருக்கும் இரண்டே மாத்திரையில் தேவலை. மிச்சத்தை வெட்டிக் கூண்டில் இருக்கும் தகரப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். இரண்டு வாரத்தில் இருமல் திரும்பியது. திரும்பவும் வாங்கினார்கள், திரும்பவும் இரண்டோடு நிறுத்தினார்கள்.

"நீங்க?"

"நான் என் அஞ்சையும் முடிச்சேன்."

"அப்புறம்?"

"அவங்களோடதையும் முடிச்சேன்."

"ஏன்?"

"ஓய்வறைச் சுவர்ல போட்டிருக்கு. மருந்தைப் பாதியில நிறுத்தினா கிருமி பலமாகும், முழுசா முடிக்கணும்னு. கிருமி இவ்வளவு பெருசாகிற படமும் இருக்கு." கையை விரித்துக் காட்டினார். "மூணு பேருக்கும் ஒரே கூண்டு. ஒரே கிருமி. அவங்க பாதியில விட்டா அது எனக்குத்தானே வரும்? யாராவது ஒருத்தர் முடிக்கணும் இல்ல?"

அவள் அவரையே பார்த்தாள். சிரிப்பு வந்தது, கோபம் அதை முந்திக்கொண்டது.

"பாட்டிலையும் இப்படித்தான் முடிச்சீங்க. யார் மிச்சம் வெச்சாலும்."

அவர் தலை குனிந்தார். "வயிறு எரிஞ்சுது. அதுக்கும் பெட்டியிலேயே மாத்திரை இருந்துச்சு. அன்னிக்கிக் காலையில ஏணி ஏறறதுக்கு முன்னாடி ரெண்டையும் போட்டேன்."

"பெட்டி மேல இருக்கு, நீங்க கீழ இருந்தீங்க."

"முந்தின நாளே பாக்கெட்ல எடுத்து வெச்சிருந்தேன். நீ நம்பலேன்னு தெரியுது."

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அலுவலகத்துக்குச் சொல்லணும்னு விதி. நான் சொன்னா மூணு பேரையும் இறக்கிடுவாங்க."

அவள் நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். நன்றாகச் சொல்லப்பட்ட கதைகளை அவரிடமிருந்து அவள் முன்பும் கேட்டிருக்கிறாள்.

பிப்ரவரி 28 அன்று இதய மருத்துவரைப் பார்க்கப் போனார்கள். மருத்துவர் நடுவயதுப் பெண். மனைவி ஒரு தாளில் மூன்று மருந்தின் பெயர்களையும் வயிற்று மாத்திரையின் பெயரையும் எழுதி எடுத்துப் போயிருந்தாள். மருத்துவர் தாளைப் படித்தார், மறுபடி படித்தார்.

"இது மூணு மருந்து இல்லம்மா. மூணு கம்பெனி, ஒரே மருந்து. அசித்ரோமைசின். எத்தனை சாப்பிட்டீங்க?"

"எண்ணல" என்றார் அவர். "ஆனா எதையும் விடல."

"பதினேழு" என்றாள் அவள். "இருபத்தாறு நாள்ல."

மருத்துவர் அன்றைய வரைபடத்தையும் பிப்ரவரி 18 வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "சளி, தொண்டைன்னு எங்கேயும் எழுதிக் கொடுக்கிற மருந்து. சரியான அளவுல பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு இதயம் ஒரு துடிப்பு முடிஞ்சு அடுத்ததுக்குத் தயாராகற நேரத்தை இழுத்து விட்டுடும். ரொம்ப இழுத்தா தாளம் தப்பி ஆள் விழுவாங்க. நீங்க போட்ட வயித்து மாத்திரையும் அதே வேலையைச் செய்யும். ரெண்டும் சேர்ந்து, அதுக்கு மேல ஏணி வேற. சிலருக்குக் கல்லீரலையும் தொடும். உங்களுக்கு ரெண்டையும் தொட்டிருக்கு."

"குடிச்சா இப்படி வராதா?" அவள் கேட்டாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குடிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் கல்லீரலோட இந்த ரெண்டு எண்ல முதலாவதுதான் ரெண்டாவதைவிடப் பெருசா இருக்கும். இங்க தலைகீழா இருக்கு. ஆனா அது மட்டும் சாட்சி ஆகாது."

புதிதாக ரத்தம் எடுத்தார்கள். ஆறு மடங்கு இரண்டரை மடங்காக இறங்கியிருந்தது. மருத்துவர் கடிதம் எழுதிக் கொடுத்தார். 'மருந்தின் விளைவாக இருக்கலாம்' என்றது கடிதம்.

"இருக்கலாம்னா அவங்க விட மாட்டாங்க டாக்டர்."

"நான் பாக்காத மாத்திரைக்கு வேற எப்படிம்மா எழுத முடியும்? இனிமே யாரு எழுதிக் கொடுத்தாலும், இதுக்கு முன்னாடி இப்படி ஆச்சுன்னு சொல்லிடுங்க."

அவர் அன்றே பாட்டுக்காரருக்குப் போன் செய்தார். விசாரணையில் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற அவளுக்கும் பதில் கேட்டது.

"எந்தப் பெட்டி, மிச்சம்?"

தம்பி ஆறாம் எண் கூண்டுக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தான். "அங்க பெட்டியே இல்லக்கா. இருந்த இடம் மட்டும் தூசியில்லாம சதுரமா தெரியுது. ஆந்தையைக் கேட்டா, உன் மாமாவுக்கு மயக்கம் இன்னும் தெளியலையான்னு கேக்கறான்."

"நீ என்ன நினைக்கிற?"

தம்பி யோசித்தான். "மாமா குடிச்சிருந்தா பெட்டியை அவங்க ஏன் எடுக்கணும்?"

மார்ச் 6, வியாழக்கிழமை, அவள் தனியே எடுத்து வைத்திருந்த ஆறாம் கிரேன் கவர்களைத் தன் சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினாள். ஊசி பார்த்தாள்.

"பன்னிரண்டு வருஷம்டி" என்றாள்.

"தெரியும்."

"அந்த ஆள் நிஜமா குடிக்கலையா?"

"இந்தக் கவரைக் காட்டினாத்தான் எனக்கே தெரியும்."

மறுநாள், விசாரணை அறையில் நீளமான மேஜை, மூன்று பேர். நடுவில் பாதுகாப்பு அதிகாரி. மருத்துவரின் கடிதத்தைப் படித்தார், ரத்த முடிவைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"இறங்கியிருக்கு. நல்லது. குடியை நிறுத்தினாலும் இறங்கும்மா. பதினெட்டு நாளா வீட்டுல நீங்க காவல் காத்திருக்கீங்க."

"மாத்திரையை நிறுத்தினாலும் இறங்கும் சார்."

"எந்த மாத்திரை? கூண்டுல பெட்டியே கிடையாதுன்னு ரெண்டு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க."

அவள் டப்பாவைத் திறந்தாள். கவர்களைத் தேதி வரிசையில் மேஜைமேல் வைத்தாள். கணவர் அவள் கையைப் பிடித்தார். "வேண்டாம். உன் வேலை."

"கையை எடுங்க" என்றாள்.

ஒவ்வொரு கவரையும் பிரித்துத் துண்டுகளை ஜோடி சேர்த்தாள். அதிகாரி விரல் நுனியால் முதல் ஜோடியைத் தள்ளிப் பார்த்தார். பல்லோடு பல் உட்கார்ந்தது. நான்காவது ஜோடிவரை அப்படியே தள்ளிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சலவைக் கூடத்தைக் கூப்பிட்டார்.

"கவர்ல இருக்கிற முத்திரை உங்களோடதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "ஆமா, இங்கதான் இருக்காங்க" என்றார்.

மார்ச் 21 அன்று முடிவு வந்தது. குடிப்பழக்கம் நிரூபிக்கப்படவில்லை. மருந்தை மறைத்ததற்காக மூன்று ஓட்டுநர்களுக்கும் எழுத்துமூல எச்சரிக்கை. 610, 611 இருவருக்கும் பொய்க் கையெழுத்துக்காக இரண்டு மாதம் தரை வேலை. எல்லாக் கூண்டுகளிலிருந்தும் பெட்டிகள் இறக்கப்பட்டன. பதினொரு கிரேன்களில் ஏழில் மாத்திரைகள் இருந்தன. ஏப்ரல் 25 அன்று 612-இன் கல்லீரல் எண்களும் இதய வரைபடமும் சரியாக இருந்தன. ஏப்ரல் 29, செவ்வாய்க்கிழமை, காலை 6.50-க்கு அவர் ஆறாம் எண் கிரேனின் ஏணியில் ஏறினார்.

வேலை போகவில்லை; விதியை மீறியதற்காக அவளைப் பாக்கெட் மேஜையிலிருந்து மடிப்பு மேஜைக்கு மாற்றினார்கள். ஆறாம் கிரேன் மூட்டையை இப்போது ஊசி அவிழ்க்கிறாள்.